தேரி வளைக்குள் ஒரு கை

ஆறுமுகநயினார் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகுதான் சீடரானார். குரு மரியபுஷ்பம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். தேரிக்காட்டுச் செம்மணலில் எந்த விலங்கு எப்போது போனது என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் அவரை ‘சார்’ என்பாள். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். ஊருக்கு இது பெரிய வேடிக்கை.

இரண்டு வருடமாகப் பின்னால் நடந்தும், ஊரார் முன்னால் ஒரு விலங்கின் பெயரைச் சொல்ல அவள் அவரை விட்டதில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் ஆடு வளர்க்கும் பேராச்சி வந்து இருவரையும் தேரிக்குள் கூட்டிப்போனாள். ஒரே வாரத்தில் அவளுடைய ஆட்டுக்குட்டிகள் மூன்று போய்விட்டன. கொல்லாமுந்திரி மரத்தடியில் ஒரு வளையைக் கண்டுபிடித்து, அதன் வாசலில் காய்ந்த பனையோலையைக் குவித்து வைத்திருந்தாள்.

“என்ன சீவன்னு மட்டும் சொல்லுங்க. பொகமூட்டம் போட்டு முடிச்சிருதேன்.”

மரியபுஷ்பம் வளையைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

“சார், இன்னைக்கு நீங்க சொல்லுங்க.”

அவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஓலையை விலக்கி மண்டியிட்டார். வாசலைச் சாண் போட்டு அளந்தார். தடத்தைப் பார்த்தார். கிடந்த எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“நரிதான். தாய் இரைக்குப் போயிருக்கு. உள்ள கண்ணு தொறக்காத குட்டிங்க மட்டும்தான் கெடக்கு.”

“சந்தேகம் இல்லையே?”

“இல்ல டீச்சர்.”

பேராச்சி தீப்பெட்டியை எடுத்தாள்.

“கொஞ்சம் பொறு” என்றாள் மரியபுஷ்பம். “சார், கண்ணு தொறக்காத குட்டிதான? கைய விட்டு ஒண்ண எடுங்க. பாத்துட்டு அவ தீ வைக்கட்டும்.”

நியாயமான பேச்சுதான். மறுக்க வழியில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தார். மணிக்கட்டு மறைந்ததும் நிறுத்தினார்.

“முள்ளம்பன்றியாவும் இருக்கலாம் டீச்சர்.”

“இருக்கலாம். இன்னும் உள்ள விடுங்க.”

கை இன்னும் கொஞ்சம் போனது. உள்ளே மணல் குளிர்ந்து கிடந்தது.

“மரநாய்கூட இப்படி எடத்துல ஒண்டும்.”

“ஒண்டும்.”

முழங்கையும் மறைந்தது. ஏதோ அசைந்தது போலிருந்தது. மணல் சரிந்ததாகவும் இருக்கலாம். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பாலூட்டிகள் எல்லாம் அந்த வளைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

“பழைய வளையா இருந்தா கீரி இருக்கும். காட்டுப்பூனையும் வரும். அந்த எலும்பு ஆட்டுக்குட்டியோடதுதானான்னும் நான் சரியாப் பாக்கல. முயல் எலும்பாக்கூட இருக்கும்.”

பேராச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன சாரு இது? கை உள்ள போகப் போக மிருகம் கூடிக்கிட்டே போவுது. எனக்கு மூணு குட்டி போயிட்டு. ஒரே வார்த்தையாச் சொல்லுங்க. கொளுத்தவா, வேண்டாமா?”

ஆறுமுகநயினார் கையை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் உள்ளே மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தன.

மரியபுஷ்பம் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

“தீப்பெட்டிய மடியில வையி, பேராச்சி. சார் இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்காரு.”