கரடியின் கோபமும் கடைவாய்ப் பல்லும்

மலையடிவாரக் காடொன்றில் ஒரு தாய்க்கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. கறையான் புற்றை நகத்தால் உடைத்து, வாயைக் குவித்து, காற்றோடு சேர்த்துக் கறையான்களை உறிஞ்சி இழுப்பதில் அதற்கு நிகர் அந்தக் காட்டில் யாருமில்லை. உடைந்த புற்றில் எஞ்சியதை நக்கியே குட்டிகள் வயிறு நிரப்பின.

அந்தக் கோடையில் கரடியின் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. உறிஞ்சும்போதெல்லாம் காற்று சொத்தைக்குள் புகுந்து, வலி மண்டையைப் பிளந்தது. கரடி புற்றுகளின் பக்கம் போவதையே விட்டது. தேனடையைக் கடித்தாலும் பல் கூசியது. அலறியபடி அடையை வீசி எறிந்தது. குட்டிகள் ஓடி வருவதற்குள் ஒரு நரி அதைக் கவ்விக்கொண்டு போனது. நரி கொழுத்தது; குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது.

அதே காட்டில், விலங்குகளின் பல்லுக்கு வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தி ஒன்றும் இருந்தது.

"அதனிடம் மட்டும் போய்விடாதே அக்கா," என்றது நரி. "பல்லில் தொடங்கி மூளைவரை கொத்திவிடும். என் சித்தப்பா அங்கே வாயைத் திறந்தவர்தான், இன்றுவரை மூடவில்லை."

கரடி பயந்துபோனது. அஞ்சுவதாகச் சொல்ல வெட்கம். ஆகவே கோபப்பட்டது. நலம் விசாரித்த முயலை விரட்டியது. "ஒருமுறை காட்டிவிட்டு வரலாமே" என்ற மானிடம், "இது என் பல். கிட்டே வந்தால் கடித்துவிடுவேன்" என்று உறுமியது.

ஒருநாள் இளைய குட்டி நொண்டிக்கொண்டு வந்தது. முள் ஏறிப் பாதம் வீங்கியிருந்தது.

"காலைக் காட்டு."

குட்டி பாறையோடு ஒட்டிக்கொண்டது. "இது என் கால். கிட்டே வந்தால் கடித்துவிடுவேன்."

"யாரடா உனக்கு இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது?"

மூத்த குட்டிதான் மெல்லச் சொன்னது: "நீதானம்மா."

கரடிக்குப் பொங்கிய கோபம் இம்முறை போக இடமில்லாமல் தன்மேலேயே திரும்பியது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மரங்கொத்தியின் மரத்தடிக்கு விடுவிடுவென்று நடந்தது.

"எனக்குப் பயமாக இருக்கிறது!" என்று அங்கே உறுமியது. "அதைச் சொல்ல இன்னும் கோபமாக இருக்கிறது."

"இதைக் கோடை தொடங்கும்போதே சொல்லியிருக்கலாம்," என்று மரங்கொத்தி சிடுசிடுத்தது. "பிள்ளைகளைப் பார், எலும்பும் தோலுமாக! உன் வாய்க்குள் தலையை விடப்போவது நான். நம்மில் பயப்பட வேண்டியது யார்? சரி, கேள். எதைச் செய்வதானாலும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்கு, நிறுத்திவிடுவேன்."

கரடி வாயைத் திறந்தது. அலகு பல்லைத் தொடுவதற்கு முன்பே கையைத் தூக்கியது. மரங்கொத்தி நிறுத்தியது. வலியே இல்லாதபோது இன்னொரு முறை தூக்கிப் பார்த்தது. அப்போதும் நிறுத்தியது. அதன்பிறகு கரடி கையைத் தூக்கவில்லை.

"இனி இழுக்கப்போகிறேன். வலிக்கும், ஆனால் சட்டென்று முடியும்."

வலித்தது. சொன்னபடியே சட்டென்று முடிந்தது. சொத்தைப் பல் புல்லில் விழுந்தது.

இளைய குட்டி முதுகிலிருந்து இறங்கித் தாயிடம் பாதத்தை நீட்டியது. "நான் கையைத் தூக்கினால் நீயும் நிறுத்துவாயா அம்மா?"

"நிறுத்துவேன்," என்றது கரடி.

முள் வெளியே வந்தது. வீடு திரும்பும் வழியில், அடுத்த தேனடைக்காக நரி காத்திருந்தது.

"உன் சித்தப்பாவை அழைத்து வா," என்று கரடி நிதானமாகச் சொன்னது. "அவர் வாயை நான் மூடிவிடுகிறேன்."

நரி ஓடியே போனது. அன்று மாலை கரடி ஒரு புற்றை உடைத்து உறிஞ்சிய ஓசை மலையில் மோதித் திரும்பியது. குட்டிகள் வயிறார உண்டன.

தம் அச்சத்தைக் கோபத்தால் மூடி மறைப்பவர் தம் நோயை வளர்ப்பதோடு நில்லாமல், அந்த அச்சத்தையே தம் பிள்ளைகளுக்கும் ஊட்டி வளர்க்கிறார்.