முப்பத்திரண்டு டிகிரி

தூத்துக்குடியில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம். அங்கே மருந்து செய்யக் கற்றுக்கொடுப்பவர் பௌசியா, வயது முப்பத்தெட்டு. கற்றுக்கொள்ள வந்தவர் தோல் மருத்துவர் கனகசபாபதி, வயது ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சமே இல்லை. தன் கணக்கு தப்பு என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சிவந்துவிடும்.

இருவரும் சேர்ந்து ஒரு மருந்து செய்திருந்தார்கள். குளிரில் அது தண்ணீர்போல ஓடும்; அதனால் குப்பியை ஐஸ் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும். தோலின் சூடு, முப்பத்திரண்டு டிகிரி, பட்டதும் கூழாக இறுகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும்.

அதை முதலில் வாங்கிப்போனவள் சகாயராணி. மீன் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸில் கை வைத்து இறால் உரிப்பவள். இரண்டு கையும் வெடித்து ரத்தம் கசிந்தது. மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் ஓடிவிட்டது. புண் அப்படியே இருந்தது.

“அந்தம்மா ஒழுங்கா தடவலை மேடம்,” என்றார் டாக்டர். “என் கையில நாற்பது தடவை போட்டுப் பார்த்துட்டேன். நாற்பது தடவையும் இறுகுச்சு.”

பௌசியா ஐஸ் தொட்டியைக் காட்டினார். “கையை உள்ள விடுங்க டாக்டர்.”

இரண்டு நிமிடத்தில் டாக்டர் பல்லைக் கடித்தார். “போதுமா?”

“அவங்களுக்கு எட்டு மணி நேரம். நீங்க பத்து நிமிஷம் இருங்க.”

பிறகு பௌசியா அந்தக் கையில் மருந்தை ஊற்றினார். அது விரலிடுக்கு வழியாக ஓடித் தரையில் சொட்டியது. டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இருபது டிகிரியிலேயே இறுகுற மாதிரி மாத்திடுறேன்.”

“ஐஸ் பெட்டியை விட்டு எடுத்ததும் குப்பிக்குள்ளேயே இறுகிடும்.”

“அப்போ என்னதான் வழி?”

“அவங்க கை எப்போ சூடாகும்? கேட்டீங்களா?”



அன்று மாலை இருவரும் மீன் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். சகாயராணி எதிரே இருந்த டீக்கடையில் நின்றிருந்தாள். கை எப்போது சூடாகும் என்று டாக்டர் கேட்டார்.

“வெளிய வரும்போது கை வெறச்சுப் போயிதான் சார் கெடக்கும். பஸ் வர்றவரைக்கும் டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டே நிப்பேன். குடிச்சு முடிக்கதுக்குள்ள கைக்கு உசுரு வந்துரும்.”

“அப்போ தடவியிருக்கலாமேம்மா?”

“நீங்கதான சார் சொன்னீய, வேலை முடிஞ்ச ஒடனே தடவணும்னு.”

அவள் டீயைக் குடித்து முடித்தாள். டாக்டரே கையோடு கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து அவள் கையில் ஊற்றினார். சற்று நேரத்தில் மருந்து இறுகியது. அவள் கையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“ஒழுகல சார்!”

அவளைவிட டாக்டருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே அவளுடைய மருந்துச் சீட்டை வாங்கிப் பழைய குறிப்பை அடித்தார்.

“மேடம், கை எத்தனை டிகிரி வந்ததும் தடவணும்னு எழுதட்டும்?”

“‘டீ குடிச்ச பிறகு’ன்னு எழுதுங்க டாக்டர்.”