பவுடர்ல பதிஞ்ச கால்

ஒரு ஊர்ல ஒரு ஓட்டக்காரப் பொண்ணு இருந்தா. பேரு முத்தரசி. விளையாடுற புள்ளைங்க தங்கிப் படிக்கிற விடுதி ஒண்ணு இருக்குல்ல, அங்கதான் அவளும் இருந்தா. அவ ஓட ஆரம்பிச்சா சர்ர்ருன்னு போவா பாரு, மைதானத்துல மேயுற ஆடெல்லாம் தலையத் தூக்கிப் பாக்கும்.

ஆனா அவகிட்ட ரெண்டு பழக்கம் இருந்துச்சு. ஒண்ணு, எந்தச் சாமானையும் ஒரு எடத்துல வைக்கமாட்டா. துவைக்காத சாக்ஸு, கடிச்சுப் போட்ட கொய்யாக்கா, கணக்கு நோட்டு, எல்லாம் ஒரே பைக்குள்ள கெடக்கும். இன்னொரு பழக்கம் அதவிட மோசம். ஒரு சாமான் காணலேன்னா, "எங்க வச்சேன்?"னு கேக்கமாட்டா. "எவ எடுத்தா?"ன்னுதான் கேப்பா.

"ம்" சொல்லுடா கண்ணு. அப்பத்தானே நீ முழிச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்.

அப்புறம், அந்த விடுதிக்கு ஒரு புதுப் பொண்ணு வந்து சேந்தா. பேரு பிரிஜிட்டா. கடக்கரை ஊரு. அதிகம் வாயத் தெறக்கமாட்டா. எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, தன் சாமான எல்லாம் கட்டில் மேல வரிசையா வச்சு, ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்துப் பையில போடுவா. முத்தரசி போர்வைக்குள்ள இருந்து ஒத்தக் கண்ணால பாப்பா. "இவ்வளவு சத்தமில்லாம ஒருத்தி எதுக்கு நடமாடணும்?"னு அவளுக்குத் தோணும்.

லூர்து மாஸ்டர்னு ஒருத்தர்தான் அவங்களுக்கு ஓடப் பழக்குனவரு. அவரு ரெண்டு பேரையும் ரிலே ஓட்டத்துல போட்டாரு. ரிலேன்னா தெரியுமா? நாலு பேரு ஒருத்தர் விட்ட எடத்துலருந்து ஒருத்தரு ஓடணும். கையில ஒரு சின்னக் குச்சி இருக்கும், பேட்டன்னு சொல்லுவாங்க. அதக் கை மாத்தி விடணும். பிரிஜிட்டா மூணாவது, முத்தரசி கடைசி. பின்னாடி வர்றவ "கை!"ன்னு கத்துவா. முன்னாடி ஓடுறவ திரும்பியே பாக்காம கையப் பின்னால நீட்டணும். திரும்பிப் பாத்தா வேகம் போயிரும்.

முத்தரசி திரும்பிப் பாத்தா. ஒவ்வொரு தடவையும் பாத்தா.

அப்போ ஒரு நாள், பக்கத்து ஊர்ப் புள்ளைங்களோட ஒரு பந்தயம். கெளம்புற நேரத்துல முத்தரசியோட ஓடுற ஷூ ஒண்ணு காணோம். அடியில முள்ளு முள்ளா இருக்குமே, அந்த ஷூ. வலது இருக்கு, இடது இல்ல. கட்டிலுக்கு அடியில சரக் சரக்குன்னு தேடுறா, இல்ல. யாரோ குடுத்த பெரிய ஷூவப் போட்டுக்கிட்டு ஓடி, குதிகால் எல்லாம் கொப்புளம். அன்னைக்கு அவ நொண்டிக்கிட்டு வரும்போது என்ன நெனச்சா தெரியுமா? "நேத்து ஷூ அடுக்குற எடத்துல நின்னுட்டிருந்தது யாரு? பிரிஜிட்டா."

அப்புறம் மாவட்டப் போட்டி வந்துச்சு. காலையில முத்தரசிக்கு நூறு மீட்டர். வருஷம் பூரா அவ காத்திருந்த ஓட்டம் அது. நெஞ்சுல குத்திக்க நம்பர் எழுதின துணி குடுப்பாங்கல்ல, அதக் காணோம்! பையக் கவுத்தா, ஒதறுனா, அழுதா. கோட்டுகிட்ட நின்ன ஆளு, "நம்பர் இல்லாம ஓட விடமாட்டோம்மா, தள்ளி நில்லு"ன்னுட்டாரு. விசில் அடிச்சாங்க, எல்லாரும் ஓடுனாங்க. முத்தரசி கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அவகிட்ட எப்பவும் தோக்குற பொண்ணுங்க எல்லாம் அவளுக்கு முன்னாடி ஓடிப் போறாங்க.

மத்தியானத்துக்குள்ள மாஸ்டர் அலைஞ்சு திரிஞ்சு வேற நம்பர் வாங்கிட்டு வந்தாரு. ரிலேயில மட்டும் எப்படியோ தேறுறவங்கள்ல கடைசி எடத்தத் தொத்திக்கிட்டு அடுத்த போட்டிக்குத் தேறுனாங்க. ஆக முத்தரசிக்கு அந்த வருஷம் மிச்சம் இருந்தது அந்த ஒரே ஓட்டம்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் விடுதி அறையில எல்லாரும் இருக்கும்போது அவ நேரா பிரிஜிட்டா முன்னாடி போய் நின்னா.

"என் நம்பரக் குடு."

பிரிஜிட்டா நிமுந்து பாத்தா. "என்கிட்ட இல்ல."

"ஷூவையும் நீதான் எடுத்த. நீ வந்த பெறவுதான் என் சாமான் எல்லாம் போகுது. ரிலேயில நான் ஓடுற கடைசி எடம் உனக்கு வேணும், அதானே?"

"நான் எடுக்கல."

அவ்வளவுதான் சொன்னா. அழல, சண்டை போடல. படுக்கையச் சுருட்டிக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டா. அதப் பாத்து எல்லாரும் குசுகுசுன்னு பேசுனாங்க. "தப்பு செய்யலேன்னா ஏன் போறா?"

அதுக்கப்புறம் அந்த விடுதியே மாறிப் போச்சு. எல்லாப் பெட்டிக்கும் பூட்டு. ஒருத்தி சோப்பு டப்பாவுக்குக் கூடப் பூட்டு வாங்கிட்டு வந்தா! சாப்பிட ஒக்காந்தா எல்லாக் கண்ணும் பிரிஜிட்டா கைமேலதான் இருக்கும். அவ பக்கத்துல யாரும் தட்டு வைக்கமாட்டாங்க. மைதானத்துல அவ "கை!"ன்னு கத்துனா முத்தரசி கழுத்து படக்குன்னு திரும்பும். குச்சி நழுவி, டங்குன்னு விழும். உருண்டு போகும்.

மாஸ்டர் சொன்னாரு, "இன்னொரு தடவை இப்படி விழுந்தா கடைசியா ஓட வேற ஆளப் போட்டுருவேன்."

பிரிஜிட்டாவக் கையும் களவுமா புடிச்சுட்டா எல்லாம் சரியாயிரும்னு முத்தரசி நெனச்சா. என்ன செஞ்சா தெரியுமா? ஒரு நாள் காலையில பயிற்சிக்குக் கெளம்பும்போது, யாருக்கும் சொல்லாம, தன் பெட்டியச் சுத்தி தரையில முகத்துக்குப் போடுற பவுடரத் தூவுனா. யாரு வந்தாலும் கால்தடம் விழணும்ல?

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

பயிற்சி முடிஞ்சு வந்து பாக்குறா. பவுடர்ல கால்! பெட்டிகிட்ட வந்து, திரும்பிப் போன கால். அஞ்சு வெரலும் அச்சு மாதிரி விழுந்திருக்கு.

"வாங்கடி எல்லாரும்! வந்து பாருங்க! திருடி வந்துட்டுப் போயிருக்கா!"

தட தட தடன்னு எல்லாரும் ஓடியாந்தாங்க. விடுதியப் பாத்துக்குற வார்டன் அக்காவும் கரண்டியோட வந்தாங்க. பிரிஜிட்டாவையும் கூப்பிட்டாங்க. முத்தரசி தரையக் காட்டி, "வை உன் கால"ன்னா.

பிரிஜிட்டா அவளையே ஒரு பார்வை பாத்துட்டு, குனிஞ்சு கால வச்சா. கடக்கரை மணல்ல நடந்து நடந்து அகண்ட கால் அது. வெரலெல்லாம் வெளிய நிக்குது. பொருந்தல.

முத்தரசிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "அப்ப வேற எவ?"ன்னு கத்துனா. ஒவ்வொருத்தியா வந்து வச்சாங்க. ஒருத்திக்குப் பெருசு, ஒருத்திக்குச் சின்னது. ரிலேயில ரெண்டாவதா ஓடுற நூருன்னிசாவும் வச்சுப் பாத்தா, பொருந்தல. நூரு கால எடுத்துட்டுச் சொன்னா, "இன்னும் ஒருத்தி வைக்கலையே."

"யாரு?"

"நீதாம்ட்டி."

முத்தரசி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே வச்சா. பச்சக்! சுண்டு வெரல் முதக்கொண்டு அப்படியே பொருந்திருச்சு.

"நான் வரவே இல்ல!"ன்னா.

"வந்தியே. பாதி வழியில, ரப்பர் பேண்ட மறந்துட்டேன்னு திரும்பி ஓடியாந்தியே. நான் வாசல் கேட்டுகிட்ட நின்னுட்டுத்தான இருந்தேன்."

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூடத் தேவலை. எல்லாரும் மெல்ல மெல்லக் கலைஞ்சு போயிட்டாங்க. முத்தரசி மட்டும் அந்தப் பவுடர் நடுவுல நின்னா. வந்தது அவளுக்குச் சுத்தமா ஞாபகமில்ல. பவுடர் தூவுன கொஞ்ச நேரத்துலயே அத அவளே மிதிச்சிருக்கா, அதுவும் ஞாபகமில்ல! அப்போ மொதத் தடவையா அவளுக்குத் தன்மேலயே சந்தேகம் வந்துச்சு. "இது ஞாபகமில்லேன்னா, வேற என்னெல்லாம் ஞாபகமில்ல?"

அப்புறம் பையக் கொடகொடன்னு கட்டில்ல கொட்டுனா. ஒவ்வொரு சாமானா எடுத்து, விரிச்சுப் பாத்து, தள்ளி வச்சா. அழுக்கு சாக்ஸ் ஒண்ணு பந்து மாதிரி சுருண்டு கெடந்துச்சு. பிரிச்சா, உள்ள அந்த நம்பர் துணி! வேர்வையில நனையக் கூடாதுன்னு அவளேதான் அதுக்குள்ள சுருட்டி வச்சிருக்கா.

அப்ப ஷூ? யோசிச்சா. அதப் போட்டுக் கடைசியா ஓடுன அன்னைக்கு மழை. ஷூவெல்லாம் சேறு. கழுவி... காய வச்சோமே... எங்க? மொட்டை மாடி! அவசரத்துல வலத மட்டும் எடுத்துட்டு எறங்கியிருக்கா.

ஓடுனா மேல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, வெயில்ல வெளுத்துப்போய், ஒட்டடை புடிச்சு, இடது கால் ஷூ ஒக்காந்திருக்கு. மாடியில யாருமில்லன்னு நெனச்சா. அப்போ அவ மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? "தூக்கி அந்தக் கருவேலங்காட்டுல எறிஞ்சுரு. யாருக்குத் தெரியும்? பவுடர் சங்கதியும் வெளையாட்டுப் பேச்சா போயிரும்"னு சொல்லுச்சு. கையக் கூட ஓங்கிட்டா.

"கெடச்சுதா?"

திரும்பிப் பாத்தா, காயுற துணிக்குப் பின்னாடி பிரிஜிட்டா. கையில ஈரத் துணி.

முத்தரசி ஓங்குன கைய எறக்குனா. "உனக்கு... இங்க இருக்குன்னு தெரியுமா?"

"துணி காயப்போட தெனமும் வர்றேனே. தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எடுத்துட்டு வந்து குடுத்தா என்ன சொல்லியிருப்ப? எடுத்தவளே பயந்துபோய்க் குடுக்குறான்னு சொல்லியிருப்ப."

அது நெசம்தான். அவ அப்படித்தான் சொல்லியிருப்பா. ஒருத்தி ஒதவி செய்ய வந்தாக் கூட வர முடியாதபடி தான் கதவச் சாத்தி வச்சிருந்தது அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

"என்ன மன்னிச்சிருட்டி"ன்னா, மெதுவா.

பிரிஜிட்டா துணிய ஒதறிக் கொடியில போட்டா. "திருடின்னு எல்லாரு முன்னாடியும் சொன்ன. மன்னிப்ப மட்டும் மாடியில வந்து சொல்லுற?"ன்னா.

கண்ணு, ஓடுறது கஷ்டம்னு நெனைக்கிற. ஓடுறது ஒண்ணுமே இல்ல. அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல, சாம்பார் வாளி சத்தத்துக்கு நடுவுல, ஒரு கையில ஷூ, ஒரு கையில நம்பரோட முத்தரசி எந்திரிச்சு நின்னா பாரு, அதுதான் கஷ்டம். "இது ரெண்டையும் தொலைச்சது நான்தான். பிரிஜிட்டா எடுக்கல. நான் பழி போட்டேன்"னு சொல்லி முடிச்சா. நூரு தன் தட்டத் தூக்கிக்கிட்டுப் போய் பிரிஜிட்டா பக்கத்துல ஒக்காந்தா. அப்புறம் இன்னொருத்தி போனா. பூட்டெல்லாம் ஒவ்வொண்ணா காணாமப் போச்சு.

ஆனா பிரிஜிட்டா ஒடனே சிரிச்சுப் பேசிரல. படுக்கையும் திரும்பி வரல. முத்தரசியும் கெஞ்சல. அவ செஞ்சது ஒண்ணுதான். தெனமும் சாயங்காலம் மறுநாள் சாமான எல்லாம் கட்டில் மேல பரப்பி, தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பையில போட்டா. மொத மொத போட்டப்ப எல்லாருக்கும் சிரிப்பு. அப்புறம் பழகிருச்சு. காலையில எதையும் தேடாததால அவளுக்கு மூச்சு வாங்கல, யார்மேலயும் எரிச்சலும் வரல.

அப்புறம் அந்தப் பெரிய போட்டி வந்துச்சு. மொத ரெண்டு எடம் வர்றவங்கதான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். முத்தரசிகிட்ட எல்லாம் இருக்கு. ஷூ ரெண்டும் இருக்கு, நம்பர் நெஞ்சுல இருக்கு.

அப்போ நூரு வந்து காதுல குசுகுசுத்தா. "ஏட்டி, அங்க பாரு."

மரத்தடியில பிரிஜிட்டா நிக்குறா. எதிர் அணிப் புள்ளைங்ககூட! அவ பழைய ஊர்க்காரங்க. சிரிக்கிறா. இங்க வந்த நாள்லருந்து அவ அப்படிச் சிரிச்சு முத்தரசி பாத்ததே இல்ல. பையிலருந்து என்னத்தையோ எடுத்து அதுல ஒரு பொண்ணு கையில வச்சு, கைய மூடி விடுறா.

முத்தரசி நெஞ்சுக்குள்ள பழைய பூதம் எந்திரிச்சுருச்சு. "என்ன குடுத்தா? நமக்குக் குச்சியச் சரியாத் தருவாளா? பழி வாங்கப் போறாளோ?" கேக்கலாம்னு ஒரு எட்டு வச்சா. அதுக்குள்ள ப்ர்ர்ர்ருன்னு விசில். எல்லாரும் அவங்கவங்க எடத்துக்கு ஓட வேண்டியதாப் போச்சு.

நின்னா. டப்புன்னு துப்பாக்கிச் சத்தம். மொதப் பொண்ணு ஓடி வர்றா, நூரு வாங்குறா, நூரு ஓடி பிரிஜிட்டாவுக்குக் குடுக்குறா. தட தட தடன்னு சத்தம் வளைவுல திரும்பி வருது. முத்தரசி கெளம்பிட்டா. கழுத்து திரும்பு திரும்புன்னு அரிக்குது. பக்கத்துக் கோட்டுல எல்லாம் "கை! கை!"ன்னு கத்துறாங்க. அவ அந்த ஒரு குரலுக்கு மட்டும் காத்திருந்தா.

"கை!"

நீட்டிட்டா. பின்னால. பாக்கல.

கையில ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணிமைக்கிற நேரம், வெறும் காத்து. "அவ்வளவுதான், ஏமாத்திட்டா"ன்னு மனசு கத்துது. கழுத்து நடுங்குது. அப்பவும் திரும்பல கண்ணு. கைய எடுக்கவும் இல்ல.

பட்!

உள்ளங்கையில குச்சி வந்து ஒக்காந்துச்சு. அப்புறம் என்ன, சர்ர்ர்ருன்னு பறந்தா. மொத எடம் வரல. அந்தக் கடக்கரைப் புள்ளைங்க ஒரு கை நீளம் முந்திட்டாங்க. இவங்க ரெண்டாவது. ஆனா மாநிலத்துக்குப் போகப் போறாங்கல்ல! நாலு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் புழுதியில விழுந்தாங்க. யாரு காலு, யாரு கைன்னே தெரியல.

திரும்பி வர்ற பஸ்ஸுல பிரிஜிட்டா தானா வந்து முத்தரசி பக்கத்துல ஒக்காந்தா. கொஞ்ச நேரத்துல அவ தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. முன் சீட்டுலருந்து நூரு திரும்பி, "மரத்தடியில என்ன குடுத்தான்னு எழுப்பிக் கேளுட்டி"ன்னா.

முத்தரசி வெரல வாயில வச்சு, "உஷ்ஷ்"ன்னா.

என்னது? என்ன குடுத்தாளா? எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? முத்தரசி அன்னைக்கும் கேக்கல, அதுக்கப்புறமும் கேக்கல.

பஸ்ஸு ஊருக்கு வந்து நின்னுருச்சு. கதையும் எறங்கிருச்சு. நீயும் கண்ண மூடு.