அருளப்புவின் மைக்கும் மாறிப்போன வாக்குகளும்

மைக் அருளப்புவுக்கு வாயும் ஒரு ஒலிபெருக்கிதான். உள்ளே எறும்பாகப் போகிற செய்தி வெளியே யானையாக வரும். துறையடி ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவன் கதை தொடங்கினால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் தேர்தலுக்காகப் பங்கு மண்டபத்தைக் கூட்டித் துடைத்தாயிற்று. இந்த முறை ஒரு புதுப் பழக்கம். நாட்டுச் சனாதிபதியாக வர நிற்கிறவர்கள் தொலைக்காட்சியில் விவாதம் செய்ததைப் பங்குக் குருவான சுவாமி பார்த்துவிட்டார். நாங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். போட்டியிடுகிற இருவரும் மேடையில் நேருக்கு நேர் கதைக்க வேண்டும். கதைத்து முடிந்த கையோடு, மண்டபத்தில் இருக்கிறவர்கள் கை தூக்கி வாக்குப் போட வேண்டும்.

போட்டியில் ஒருவர், வள்ளமும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் நடத்துகிற சந்தியோகுச் சம்மாட்டி. சங்கத்துக்கு வேறு தலைவர் இருந்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவர் இன்னும் வந்து சேரவில்லை. மற்றவள் எமில்டா.

தலைவர் பதவிக்கு அவள் ஆசைப்படவில்லை, அவளுக்கு வேண்டியது இறங்குதுறை விளக்கு. அது பழுதாகி மாதக்கணக்காயிற்று. விடியப்புறம் வள்ளங்கள் குருட்டிருட்டில் கல்லுகளுக்குள்ளால் நுழைந்து வருகின்றன. ஒரு நாள் அவள் புருசன் எட்மனின் வள்ளம் கல்லில் ஏறிப் பிளந்து, மனுசன் நீந்திக் கரை சேர்ந்தான். சம்மாட்டியிடம் போய்ச் சொன்னாள். "பாப்பம் பிள்ளை" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் பெயரைக் கொடுத்தாள். இப்போது கோபம் ஆறிப் பயம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

பக்கத்தில் மாமி பிரகாசி, பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பேச்சைக் கேட்டு வாக்கை மாத்தின சனம் இந்த ஊரில இன்னும் பிறக்கேல்லை," என்றாள் மாமி. "நான் எப்பவும் சம்மாட்டிக்குத்தான் கை தூக்கிறனான். மருமகள் எண்டதுக்காக என்ர கை வளையாது, சொல்லிப்போட்டன்."

"அப்ப நான் எதுக்கு மாமி மேடையில ஏறி நடுங்கவேணும்? பெயரை எடுத்துப்போட்டு வீட்ட போறன்."

மேசைக்கு மேல் நின்று வயர் முறுக்கிக்கொண்டிருந்த அருளப்புவின் காதில் அது விழுந்தது.

"எங்க பிள்ளை போறாய்? பேச்சுக்கு வாக்கு மாறாதோ? என்னட்டைச் சொல்லாதை. சனாதிபதி வேட்பாளர் விவாதத்துக்கு மைக் கட்டினவன் நான்!"

"தொடங்கிட்டான்," என்றாள் பிரகாசி. பின்வரிசையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த சம்மாட்டியின் மச்சான் யூக்கின், கோதைத் துப்பிவிட்டு முன்னுக்கு வந்து இருந்தான்.

"கொழும்பில மைக் கட்டுறவை இல்லையோ அருளப்பு?"

"இருந்தவை. வேட்பாளர்மாரைக் கண்டோடன அவையின்ர மைக்கெல்லாம் வாயை மூடிப்போட்டுது. உடன எனக்கு ஹெலிகொப்டர் அனுப்பிச்சினம். என்ர வயர்ச் சுருளை ஏத்தினால் ஹெலி எழும்புதில்லை. என்ன செய்யிறது? எஞ்சினைக் கழட்டி வைச்சிட்டுப் போனம்."

"எஞ்சின் இல்லாமல் எப்பிடியடா பறந்தது?"

"சோளகக் காத்தில."

"சோளகம் கொழும்புப் பக்கமிருந்தெல்லோ இங்கை அடிக்கிறது?"

"ஓம். அதாலதான் போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கினது."

கடலைத் தெரிந்த ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. அருளப்பு அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டான்.

"முதலாவது ஆள் வாயைத் திறந்தார். என்ர மைக்கில என்ன தெளிவு! அந்த நேரம் தபால் வாக்கெல்லாம் ஒட்டி முத்திரை குத்தி ரெயினில போய்க்கொண்டிருக்கு. கவருக்குள்ள வாக்குச்சீட்டில போட்டுக் கிடந்த புள்ளடி எல்லாம் எழும்பி, எறும்பு மாதிரி ஊர்ந்து, முதலாவது ஆளின்ர பெயருக்கு நேர போய் நிண்டிட்டுது. பாரம் ஒரு பக்கமாச் சரிஞ்சதில ரெயின் கவிழப் பாத்தது. கார்ட் இறங்கி மற்றப் பக்கம் தோள் குடுத்துத்தான் அனுராதபுரம் வரைக்கும் கொண்டு போனவர்."

"பாவம் கார்ட்," என்றாள் எமில்டா. தன்னை அறியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

"கேள் பிள்ளை. பிறகு இரண்டாவது ஆள் எழும்பினார். சுவரெல்லாம் முதலாவது ஆள் கும்பிட்டபடி நிக்கிற படம் ஒட்டியிருக்கு. இரண்டாவது ஆளின்ர பேச்சு காதில விழ, அந்தப் படங்கள் கும்பிட்ட கையைக் கீழ விட்டுதுகள். பசையை உதறிப்போட்டு, சுவரால இறங்கி, வரிசையாய் இரண்டாவது ஆளின்ர கூட்டத்துக்கு நடந்து போச்சுதுகள். தன்ர படம் தனக்கே வாக்குப் போடாதெண்டு கண்டு முதலாவது ஆள் அழுதார். அந்தக் கண்ணீர் மைக்குக்குள்ள போய், ஆனையிறவு உப்பளம் வரைக்கும் உள்ள ஸ்பீக்கரெல்லாம் உப்புப் பூத்தது."

"உப்பை நீ அள்ளேல்லையோ?" என்றான் யூக்கின்.

"அள்ளினனான். அதில போட்ட கருவாட்டைத்தான் போன வருசம் முழுக்க நீ திண்டது. மூண்டாவது ஆளின்ரதைக் கேள் பிரகாசி அக்கா. அந்தாள் கதைக்கக் கதைக்க, சேமக்காலையில புதைச்சுக் கிடந்த சனமெல்லாம் எழும்பி இருந்திட்டுது. வாக்காளர் இடாப்பில இன்னும் பெயர் இருக்கிற ஆக்கள்தானே! உன்ர மனுசன் பிலேந்திரன் அண்ணை சிலுவையில சாய்ஞ்சுகொண்டு, 'பிரகாசி, இந்த முறை மாத்திப் போடு' எண்டு கூப்பிட்டது எனக்குக் கொழும்பில கேட்டது."

பிரகாசி பேத்தியைத் தோளுக்கு மாற்றினாள். "அந்த மனுசன் உயிரோட இருக்கேக்கையே எனக்கு முன்னால வாய் திறந்ததில்லை. செத்தாப் பிறகு துணிஞ்சிட்டாரோ?"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று பார்த்திருந்து எமில்டா கேட்டாள். "சரி அண்ணை, மூண்டு பேரும் இப்பிடிச் சனத்தை மாத்தினவை. கடைசியில வெண்டது ஆர்?"

அருளப்பு அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கவில்லை. மைக்கைத் தட்டினான், இருமினான், வயரை ஒருக்கால் அவிழ்த்துத் திரும்ப முறுக்கினான்.

"வெண்டது... விவாதத்துக்கு வராத நாலாவது ஆள்."

"என்ன!"

"பின்னை? வாக்குகள் இவரிட்டை ஓடி, அவரிட்டை ஓடி, களைச்சுப் போச்சுதுகள். எந்த வீட்டில சத்தமில்லை எண்டு பாத்து, நாலாவது ஆளின்ர வாசலில போய்ப் படுத்திட்டுதுகள். விடிய எண்ணேக்கை அவ்வளவும் அவருக்கு!"

சிரிப்புக்குள் யூக்கின் எழுந்து வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது சுவாமி மேடையில் நின்றார். யூக்கின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"அத்தான் வரமாட்டார், சுவாமி. விவாதத்துக்குப் போறவன் தோப்பான், வீட்டில இருக்கிறவன் வெல்லுவான், அது நாட்டு நடப்பாம்."

எல்லாத் தலைகளும் எமில்டா பக்கம் திரும்பின. "அப்ப நானும் வீட்ட போறன்," என்றாள் அவள் தணிந்த குரலில். "ரெண்டு பேரும் வெல்லட்டும்."

"பேசாமல் ஏறடி மேடைக்கு," என்றாள் பிரகாசி. "வெறுங்கதிரையோட கதைக்கவுமோ பயம்?"

எமில்டா ஏறினாள். எழுதிப் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோயிற்று. எதிரே சம்மாட்டியின் வெறுங்கதிரை. அதைப் பார்த்தே கதைத்தாள்.

"எங்கட வீட்டு யன்னலில நான் லாம்பு கொளுத்தி வைக்கிறனான். வள்ளம் வருமட்டும் அணைக்கிறதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் கல்லு வரைக்கும் எட்டாது. இங்கை இருக்கிற எல்லா வீட்டிலயும் ஒரு லாம்பு எரியுது எண்டு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் சேத்தாலும் எட்டாது. துறை விளக்கு எரியவேணும். வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

பதில் சொல்லச் சுவாமி கதிரைக்கும் நேரம் கொடுத்தார். கதிரை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கை தூக்கினார்கள். முதலில் சம்மாட்டிக்கு, அடுத்து எமில்டாவுக்கு. சுவாமி எண்ணினார். நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினார். எமில்டா ஒரே ஒரு கையால் வென்றிருந்தாள். சம்மாட்டியின் கை அவரோடு வீட்டில் இருந்தது. இது பெட்டியில் போடுகிற வாக்கு இல்லை, ஆள் வந்து கை தூக்கினால்தான் கணக்கு என்பதை யூக்கினும் மறந்துபோனான், அத்தானும் மறந்துபோனார்.

எமில்டாவின் கண் நிறைந்தது. முதல் வேலையாக நாளைக்கே விளக்கைத் திருத்த ஆள் பிடிக்க வேண்டும்.

அருளப்பு மேசையிலிருந்து குதித்தான். "கண்டியளே! சம்மாட்டியை வீட்டில இருத்தினது என்ர கதை! பிரகாசி அக்காவின்ர கையையே மேல தூக்கினது என்ர மைக்! நானும் பாத்தனான், அக்கா மருமகளுக்குத்தான் தூக்கினவ!"

"உன்ர மைக்கோ?" என்றாள் பிரகாசி. "பிள்ளையை வைச்சிருந்து கை உளைஞ்சுபோச்சு. உதறினனான்."

பக்கத்தில் நின்ற எட்மன் தாயைப் பார்த்தான். "பிள்ளை இருந்தது மற்றக் கையிலயெல்லோ அம்மா?"

"உளைஞ்சது இந்தக் கைதான்," என்றாள் பிரகாசி. "கதிரையளை அடுக்கு."