பாக்கியத்தாயின் நாடா

ஆபரேஷன் தியேட்டர் தயாராகிவிட்டது. டாக்டர் அமுதவல்லிக்குத்தான் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. ஊரில் வருடக்கணக்காகப் பிரசவம் பார்த்தவர், இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொள்ளத் தன்னைவிட வயதில் சிறியவரான டாக்டர் ரெஜினாவிடம் வந்திருந்தார். இன்று முதல்முறையாக அவரே செய்யப் போகிறார்.

நோயாளி பாக்கியத்தாய் இட்லிக் கடைக்காரி. இருமினால், சிரித்தால், பானையைத் தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடும். சிறுநீர்ப் பாதைக்கு அடியில் ஒரு வலைநாடாவை வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று ரெஜினா கேட்டார்.

"சொல்லியாச்சு மேடம். கையெழுத்தும் போட்டுட்டாங்க. இன்னும் என்ன சொல்லணும்?"

கையெழுத்து வாங்குவதில் நம் ஆஸ்பத்திரிகளை யார் மிஞ்ச முடியும்! ரெஜினா நேரே பாக்கியத்தாயின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்களுக்கு என்ன வைக்கப் போறோம்?"

"பாவாடை நாடா மாதிரி ஒண்ணு. அந்த டாக்டரம்மாதான் சொன்னாவ."

"இறுகிப்போச்சுன்னா?"

"அவுத்து, நெகிழ்த்திக் கட்டிக்கிட வேண்டியதுதான?"

பின்னால் நின்ற அமுதவல்லிக்கும் அது கேட்டது. நாடா என்று அவர்தான் சொன்னார். சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

ரெஜினா அவரை வெளியே அழைத்துப் போனார். ஆஸ்பத்திரியின் கம்பிவலை வேலியில், வலையின் ஒவ்வொரு கண்ணிலும் நுழைந்து கோவைக்கொடி படர்ந்திருந்தது.

"கொடி அறாம கம்பியை உருவுங்க."

அமுதவல்லி ஒரு தண்டைப் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டார். உடம்பில் வைத்த வலைக்குள்ளும் தசை இப்படித்தான் வளரும் என்பது அவருக்குத் தெரியாததா? பாக்கியத்தாய்க்குத்தான் தெரியாது.

"நானே போய்ச் சொல்றேன்," என்றார்.

சொன்னார். வைத்தால் முழுசாக எடுப்பது கஷ்டம், சிலருக்கு வலி தங்கிவிடலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும், வலை இல்லாத ஆபரேஷனும் இருக்கிறது, அதற்கும் முன்னால் இடுப்புத் தசைப் பயிற்சி செய்து பார்க்கலாம். எதையும் விடவில்லை. பாக்கியத்தாயின் முகம் வெளுத்துப்போனது.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்று பையை எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது இருமல் வந்தது. நின்று, கால்களை இறுக்கிக்கொண்டு, பிறகு மெல்ல நடந்தார்.

அமுதவல்லிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பயந்துட்டாங்க மேடம். திரும்பி வராமலே போயிட்டா? இந்தக் கஷ்டத்தோடயே கிடப்பாங்களே. நாம பேசாம இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்," என்றார் ரெஜினா. "நமக்கு."