பத்தாவது பாட்டு

அல்லிக்குளத்தில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. பொன்னுரங்கம் என்ற தவளை பாடும். கொண்டையன் என்ற மரங்கொத்தி பட்டுப்போன மரத்தில் தாளம் தட்டும். குழுவே அவ்வளவுதான். பேச்சைக் கேட்டால் மட்டும் நாற்பது பேர் இருப்பதுபோல் இருக்கும்.

இரண்டும் சேர்ந்து முதல் ஆல்பம் போடக் கிளம்பின. பத்துப் பாட்டு, பத்தும் காதல். காட்டில் ஆல்பம் எப்படி என்கிறீர்களா? ஒரு மைனா வந்து உட்கார்ந்து கேட்கும். பிறகு காடு காடாகப் போய் அப்படியே பாடிக் காட்டும். அது மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தது.

ஒன்பது பாட்டு தயார். ஒன்பதும் பொன்னுரங்கம் தன் மனைவி வடிவை நினைத்துக் கட்டியவை.

"எல்லாமே சந்தோஷமா இருக்கே," என்று கொண்டையன் அலுத்துக்கொண்டது. "பிரிவுப் பாட்டு இல்லாம காதல் ஆல்பமா? யார் கேப்பா?"

"வடிவு என்னைப் பிரிஞ்சதே இல்லையேப்பா."

"பிரிய வை. ஒரு நாளைக்குத்தானே?"

பொன்னுரங்கம் அதைக் கேட்டுத் தொலைத்தது. மறுநாள் காலையில் வடிவு ஆசையாகக் கொசு வறுத்து வைத்தது.

"இதெல்லாம் ஒரு வறுவலா? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?" என்றது பொன்னுரங்கம்.

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாமரைக்குளத்துல எங்கக்கா இருக்கா. நான் போறேன்," என்று கிளம்பிவிட்டது.

பொன்னுரங்கம் அது போன வழியையே எட்டி எட்டிப் பார்த்தது. எங்கே கிளம்பினாலும் வடிவு "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லும். இன்று வெறும் "போறேன்". திரும்பி வருகிற பேச்சே இல்லை.

கொண்டையனுக்கோ ஒரே குஷி. "பிரமாதம்! இந்தத் துக்கத்தோட அப்படியே பாடு."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தது. பாட்டுக்குப் பதில் "வடிவு" என்றுதான் வந்தது. "ஆல்பமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று தாமரைக்குளத்துக்குத் தாவி ஓடியது.

"வடிவு, பாட்டுக்காக வேணும்னே சண்டை போட்டேன். நீ இல்லாம என்னால இருக்க முடியாது."

"ஒரு பாட்டுக்காகவா எங்கம்மாவை இழுத்தீங்க?" வடிவு முறைத்தது. பிறகு அக்காவிடம், "போயிட்டு வரேன்க்கா," என்றது.

"ஐயோ, மறுபடி இங்கயா வரப்போறே?" என்று பொன்னுரங்கம் பதறியது.

"அது மரியாதைக்குச் சொல்றதுங்க. நடங்க."

சாயங்காலம் மைனா ஒன்பது பாட்டையும் கேட்டுத் தலையாட்டியது. "பத்தாவது எங்கே?"

பொன்னுரங்கம் மெல்ல ஒரு இலைக்குப் பின்னால் நகர்ந்தது.

"அதை நான் பாடறேன்," என்று வடிவு இலைமேல் ஏறியது. வறுவலைக் குறை சொன்ன புருஷனைப் பாட்டிலேயே கிழி கிழியென்று கிழித்தது. சிரிப்பில் கொண்டையனுக்குத் தாளம் தப்பியது. பொன்னுரங்கம் அசடு வழியப் பின்பாட்டுப் பாடியது.

மைனா போன காடெல்லாம் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

பேர் வாங்கும் ஆசையில் வீட்டிலிருக்கும் அன்பை ஒருபோதும் புண்படுத்தக் கூடாது.