வெடிக்காத தோட்டாவுக்கு அசைந்த கை

அநியாயம் நடந்தது பியூலாவுக்கு.

மலையடிவாரத்து ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆயுத அறையில் பூட்டி வைப்பது அவள் வேலை. காப்பித் தோட்டக்காரர் அறவாழியின் ரிவால்வரை அவள் கீழே போட்டு, குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்குறியை வளைத்துவிட்டாளாம். போட்டதை யாரும் பார்க்கவில்லை. வளைந்ததையும் யாரும் பார்க்கவில்லை. அறவாழி சொன்னார், போதாதா?

கிளப்பே கூடி நிற்கும்போது சொன்னார். "பாத்திரம் தேய்க்கிற கையில துப்பாக்கியைக் கொடுத்தா இப்படித்தான்."

செயலாளர் அவளைத் தனியே கூப்பிட்டுக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை. அந்த மாதிரி இடங்களில் 'கொஞ்ச நாள்' என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

பியூலா போன பிறகும் அறவாழியின் குண்டு குறித்தாளின் கறுப்பு வட்டத்துக்குக் கீழேயேதான் போனது.

கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவள் தமயந்தி. அறவாழியைவிடப் பத்து வயதாவது இளையவள். ஆனாலும் சுடும் மேடையில் அவர் அவளுடைய மாணவர்தான்.

"கோச், என் ரிவால்வரை நாசம் பண்ணிட்டா அவ. எப்படிச் சரி பண்றது?"

தமயந்தி அதை வாங்கி, காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நேராத்தானே இருக்கு, சார்."

"கண்ணுக்குத் தெரியாத வளைவு, கோச்."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அறவாழி முன்குறியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த ரிவால்வரை எதுக்கு வாங்கினீங்க?"

"நல்ல ரிவால்வர், கோச்."

"எதுக்கு வாங்கினீங்கன்னு கேட்டேன்."

அன்று லைசென்ஸ் கையில் வந்ததும் அறவாழி சென்னைக்குப் போனார். கடைக்காரர் எல்லாரும் வாங்கும் முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வரை எடுத்து வைத்தார். "வேற யார்கிட்டயும் இல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அறவாழி. கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பழசு. ஒல்லியான குழல். அதற்கென்று தனியாக ஒரு தோட்டா, முப்பத்திரண்டைவிட மெலிந்தது. மற்ற கடைகளில் கேட்டால், "அப்படி ஒரு அளவு உண்டா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

"எல்லாரும் வெச்சிருக்கிறதையே நானும் வெச்சுக்கணுமா, கோச்?"

தமயந்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டா தீர்ந்துபோனால் பக்கத்து மேடையைப் பார்த்துக் கையை நீட்டுவார்கள். கேட்க வேண்டியதில்லை. கையில் ஒன்று வந்து விழும். அறவாழி கையை நீட்டினால் யாரிடமும் அவருக்குப் பொருந்துவது இல்லை. அவரிடம் யாரும் கையை நீட்டுவதும் இல்லை. அதை அவர் ஒரு பெருமையாகவே வைத்திருந்தார்.

"வாங்கினதுக்கப்புறம் நல்லா சுட்டுப் பழகினீங்களா?"

"எங்கே, கோச்? இருக்கிறதே கொஞ்சம். நினைச்சு நினைச்சுத்தான் ஒண்ணு சுடறேன்."

"சுட்ட காலித் தோட்டா?"

அவர் ஒரு டப்பாவை எடுத்தார். ஒன்றைக்கூட எறியவில்லை. எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"திரும்பி நில்லுங்க, சார்."

அவர் திரும்பி மலையைப் பார்த்து நின்றார். பின்னால் சிலிண்டர் மூடும் சத்தம் கேட்டது.

"இப்போ சுடுங்க."

முதல் குண்டு வெடித்தது. தாளில் கீழே ஒரு ஓட்டை.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"அடுத்தது."

அறவாழி மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

டிக்.

வெடிக்கவில்லை. காலித் தோட்டா. ஆனால் குழல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல.

யாரும் தட்டவில்லை.

"அடுத்தது, சார்."

டிக். கை இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார். டிக். அப்போதும் இறங்கியது. வராத வெடிக்குத் தோள் குலுங்கியது. கண்கள் இறுக மூடித் திறந்தன. அத்தனையையும் அவரே உணர்ந்தார்.

ரிவால்வரை மேடையில் வைத்தார். காதுவரை சூடாக இருந்தது. இவ்வளவு நாளும் குண்டு வெடித்த அதிர்ச்சியில் மறைந்திருந்த விஷயம் இப்போது பட்டப்பகலில் நின்றது. அதுவும் எந்தக் குண்டுக்கு? "இதைவிட எங்க பையன் வெடிக்கிற ஓலைவெடி அதிகமா அதிரும்" என்று பக்கத்து மேடைக்காரர்கள் கிண்டல் பண்ணும் குண்டுக்கு.

"கோச்..."

"சொல்லுங்க."

"இது எல்லாருக்கும் வருமா?"

"நிறைய பேருக்கு வரும்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எல்லாரும் அதுக்காக ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றாள் தமயந்தி.

அறவாழி சிலிண்டரைத் திறந்து காலித் தோட்டா ஒன்றை எடுத்து, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இது போகணும்னா என்ன செய்யணும், கோச்?"

"இதேதான். எது காலி, எது நிஜம்னு தெரியாம சுடணும். கை அசையாம ஆகிற வரைக்கும்."

"நீங்களே போட்டுக் கொடுங்க."

"நான் உங்க கையைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். போட்டுக் கொடுக்க வேற ஆள் வேணும்."

"செயலாளர்கிட்ட சொல்றேன்."

"அவரா? கண்ணாடியைத் தலைமேல வெச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடறவர். அவர் போட்டுக் கொடுத்தா நான் இங்க நிக்க மாட்டேன்."

"அப்போ யாருதான் இருக்கா?"

தமயந்தி ஆயுத அறைப் பக்கம் பார்த்தாள். கதவின் கைப்பிடியில் பியூலாவின் நீல மேல்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பியூலா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அறவாழி வாக்கியம் கோத்துக்கொண்டே போனார். ஏதோ தவறான புரிதல். கோபத்தில் ஒரு வார்த்தை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்...

எந்த ரெண்டு பக்கம்? அதை மட்டும் அவரால் சொல்லிப் பார்க்க முடியவில்லை. வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பியூலா வாசலில் தன் மொபெட்டின் பிளக்கைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"முன்குறி வளையல, பியூலா."

"தெரியும், சார்."

"நீ கீழே போடல."

"அதுவும் தெரியும், சார்."

கோத்துவந்த வாக்கியம் எதுவும் உதவிக்கு வரவில்லை.

"சுடறப்போ என் கை பயப்படுது."

"அந்தக் குண்டுக்கா?"

சிரிப்பு அவளை மீறி வந்துவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மூக்கில் கரி ஒட்டியது. அறவாழி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மொபெட்டின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது தப்பு. சொன்ன வார்த்தை அதைவிடத் தப்பு. செயலாளர்கிட்ட பேசிட்டேன். நீ வேலைக்கு வரலாம்."

பியூலா பிளக்கைத் துணியில் துடைத்தாள்.

"எனக்கு இன்னொண்ணும் வேணும். என் ரிவால்வர்ல காலியும் நிஜமுமா கலந்து, எனக்குத் தெரியாம நீதான் போட்டுக் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் என் கை எப்படி இறங்குதுன்னு கோச் பார்ப்பாங்க. நீயும் பார்ப்பே. பரவால்ல."

"சரி, சார்."

அவருக்கு மூச்சு வந்தது.

"புதன்கிழமை வந்துடு. ஞாயித்துக்கிழமைன்னா எல்லாரும் இருப்பாங்க. அன்னைக்குப் பேசின பேச்சைக் கேட்டவங்க எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. நான் அவங்களுக்கு முன்னாடி... புதன்கிழமைன்னா நீ, நான், கோச். வேற ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. என்ன சொல்றே, பியூலா? புதன்கிழமை வர்றியா?"

பியூலா பிளக்கை எஞ்சினில் வைத்துக் கையால் திருகினாள். ஸ்பேனரை எடுத்து இறுக்கினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன், சார்."